நிசான் 370இசட்: 18 இன்ச் ஸ்டாகர்டு (முன், பின் வேற வேற அகலம்) அலாய்க்கு முன்னே, பின்னே என்ன டயர் அளவு?

குன்னூர்370:
ஸ்போர்ட் பேக்கேஜ் வண்டி. கம்பெனி வீல் 19 இன்ச்: முன்னால 9 ஜே (ரிம் அகலம், இன்ச்ல), ஆஃப்செட் (ரிம் நடுக்கோட்டிலிருந்து ஹப்புல உக்காரும் முகம் வரை, மி.மீ.ல) 47, டயர் 245/40 ஆர்19. பின்னால 10 ஜே, ஆஃப்செட் 30, டயர் 275/35 ஆர்19. மலை ரோட்டுப் பள்ளத்துக்கு சைடுவால் (டயர் பக்கச்சுவர்) உயரம் பத்தலைன்னு 18 இன்ச் அலாய் வாங்கியாச்சு: முன் 9 ஜே ஆஃப்செட் 35, பின் 10 ஜே ஆஃப்செட் 25, 5 போல்ட் 114.3 பிசிடி (போல்ட் வட்டத்தோட விட்டம், மி.மீ.), நடு ஓட்டை 73.1 மி.மீ. டயர் கடையில முன்னால 255/40, பின்னால 275/40 போடச் சொல்றாங்க. வண்டி ஓடுறது பெரும்பாலும் மேட்டுப்பாளையம்–குன்னூர் 14 கொண்டை ஊசியிலயும் கோத்தகிரி பக்கமும். இந்த ஜோடி சரிவருமா? ஃபெண்டர்ல உரசுமா?

சைடுவால்:
வேண்டாங்க. அகலம் சரியாத்தான் தெரியும், உயரம் உதைக்குது. கணக்கு இதுதான்: 245/40-ல 245 அகலம் மி.மீ.ல, 40 அதுல சைடுவால் எத்தனை சதவீதம்னு. அகலத்தை சதவீதத்தால பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, ரிம் விட்டத்தைக் கூட்டணும். 18 இன்ச்னா 457.2 மி.மீ., 19 இன்ச்னா 482.6.

கம்பெனி முன் டயர் 678.6, பின் டயர் 675.1. அதாவது முன்டயர் 3.5 மி.மீ. பெருசு. கடைக்காரர் சொன்ன 255/40 ஆர்18 வெறும் 661.2, 275/40 ஆர்18 677.2. இப்போ பின்டயர் 16 மி.மீ. பெருசு, 2.4 சதவீதம். கம்பெனி வெச்ச உறவே தலைகீழாயிடுது. பின்சக்கரம் சுத்தி வழுக்குதான்னு விடிசி (வண்டி வழுக்காம பார்த்துக்கிற எலக்ட்ரானிக் சிஸ்டம்) முன்சக்கர வேகத்தோட ஒப்பிட்டுத்தான் பார்க்குது. பெரிய பின்டயர் எப்பவும் மெதுவா சுத்துறதால, வழுக்கல் தொடங்குறப்போ அதுல ஒரு பங்கு மறைஞ்சுபோகும். டாஷ்போர்டுல விடிசி லைட் எரியணும்னு கட்டாயம் இல்லை, அதனால எரியலைன்னு நிம்மதியாகாதீங்க. மழையில ஊசி வளைவை விட்டு வெளிய வந்து ஆக்சிலரேட்டர் மிதிக்கிற இடத்துலதான் இது தெரியும்.

முன்னால 245/45 ஆர்18 போடுங்க: 677.7. பின்னால அதே 275/40 ஆர்18: 677.2. வித்தியாசம் அரை மி.மீ. சைடுவால் முன்னால 98-லிருந்து 110 ஆகுது, பின்னால 96-லிருந்து 110. நீங்க கேட்டதும் இதுதானே. 245/45-க்கு ரிம் அகலம் 7.5 முதல் 9 ஜே வரைதான், நீங்க அந்த எல்லையிலயே நிக்கிறீங்க. 275/40-க்கு 9 முதல் 11 வரை, தாராளம். லோட் இண்டெக்ஸும் (டயர் தாங்குற எடைக்கான குறியீட்டு எண்) குறையாது: கம்பெனி டயர் 94, 96. புதுசு வழக்கமா 96, 99.

ஊசிவளைவு:
அளவு சரி. உரசல் பத்தி நான் சொல்றேன். டயர் அகலமும் ரிம் அகலமும் மாறாததால ஆஃப்செட் வித்தியாசத்தை மட்டும் பார்த்தா போதும், எண் குறையுற அளவுக்கு வீல் வெளிய வரும். முன்சக்கரம் 12 மி.மீ. வெளிய வரும், பின்சக்கரம் 5 மி.மீ. பின்னால கவலையில்லை. முன்னால ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, அதே நேரம் ஒரு சக்கரம் சாலையோரப் பள்ளத்துல இறங்கி மறு சக்கரம் அமுங்குற நிலை இருக்கே, அங்கதான் உரசும். சமதளத்துல ஒடிச்சுப் பார்த்தா தெரியாது. டயர் தோள்பட்டையில சாக்பீஸ் தேய்ங்க, ஒரு முன்சக்கரத்தை 10 செ.மீ. உயரக் கட்டையில ஏத்துங்க, எதிர் மூலைப் பின்சக்கரத்தையும் அதே மாதிரி, இருபுறமும் ஒடிங்க. லைனர்லயோ ஃபெண்டர் உதட்டுலயோ வெள்ளை பட்டா இடம் தெரிஞ்சிடும். பிறகு பக்கம் மாத்தி இன்னொரு தடவை.

அதுக்கும் முன்னாடி பிரேக். முன் டிஸ்க் 355 மி.மீ., நாலு பிஸ்டன் காலிபர் (டிஸ்க்கைப் பிடிக்கிற பாகம்). 18 இன்ச் ரிம்முக்குள்ள இடம் குறைவு, ஸ்போக் வளைவுதான் தீர்மானிக்கும், ஆஃப்செட் எண் இல்லை. டயர் ஏத்துறதுக்கு முன்னாடியே வெறும் ரிம்மை மாட்டி கையால சுத்திப் பாருங்க. காலிபருக்கும் ஸ்போக்குக்கும் 3 மி.மீ. இடைவெளியாவது வேணும். டயர் ஏத்தின வீலைக் கடை திரும்ப எடுக்காது.

ஹப் 66.1, ரிம் ஓட்டை 73.1. இந்த இடைவெளியை நிரப்புற 73.1–66.1 ஹப் ரிங் நாலு வாங்குங்க. இல்லாட்டி பேலன்சிங் சரியா இருந்தும் 80, 90 வேகத்துல ஸ்டியரிங் நடுங்கும். மலையில அந்த வேகம் வராததால கீழ இறங்கினாத்தான் தெரியும். மலையிறக்கத்துல பிரேக் சூடு ஏறும் வண்டிக்கு பிளாஸ்டிக்கை விட அலுமினியம் ரிங் நல்லது. நட் 12 மி.மீ., 1.25 பிட்ச், ரிம்முக்குப் பொருந்துற கூம்பு உக்காரும் இடத்தோட. டார்க் 108 நியூட்டன் மீட்டர். 100 கி.மீ. ஓடினதும் வீல் ஆறினபிறகு மறுபடி சரிபாருங்க.

குன்னூர்370:
நன்றிங்க, 245/45 உறுதி. பிஎம்டபிள்யூ 5 சீரிஸுக்கு வர்ற இதே அளவு ஜோடி கிடைக்குதாம், ரன்ஃப்ளாட் (காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடுற டயர்). எடுக்கலாமா? காத்து எங்க புடிக்கிறது, கீழயா மேலயா?

சைடுவால்:
ரன்ஃப்ளாட் வேண்டாம். சைடுவால் கல்லு மாதிரி விறைப்பு, நீங்க 18-க்கு இறங்கினதோட பலனே போயிடும். அதே அளவுல சாதா டயர் கேளுங்க. முன்னும் பின்னும் ஒரே மாடல், தயாரிப்பு வாரம் பார்த்து. பஞ்சர் கிட் வண்டியில இருக்கட்டும். முன்பின் மாத்திப் போட முடியாத ஜோடி, அதனால பின்டயர் சீக்கிரம் தேயும். டயர் பள்ள ஆழம் குறைஞ்சது 1.6 மி.மீ. இருக்கணும்னு சட்டம். பனியும் ஈரமும் உள்ள இந்த ரோட்டுக்கு 3 மி.மீ.லயே மாத்துங்க.

காத்து எங்க புடிச்சாலும் குளிர்ந்த டயர்ல புடிங்க. மேட்டுப்பாளையத்துல 33 டிகிரியில 35 பிஎஸ்ஐ வெச்சு ஊட்டிக்கு ஏறினா, வெளிக்காற்றழுத்தம் குறையுறதால கேஜ் ஏறக்குறைய 3 கூடக் காட்டும். ராத்திரி 12 டிகிரிக்குக் குளிர்ந்தா அதே அளவு குறையும். காலையில பார்த்தா 34, 35-லயே நிக்கும். ஆனா ஏறின கையோட சூட்டுல பார்த்து "அதிகம்"னு காத்தை இறக்கிட்டா, விடியக்காலை குறைவாத்தான் இருக்கும். பள்ளத்துல ரிம் விளிம்பு வளையுறது அப்படித்தான். கதவு ஓரத்து ஸ்டிக்கர் எண்ணுல தொடங்குங்க, 500 கி.மீ. கழிச்சு டயர் நடுவும் ஓரமும் எப்படித் தேஞ்சிருக்குன்னு எழுதுங்க.