கட்டுப்பாட்டுக் குழுவைப் புரிய வைக்க ஒரு நல்ல சோதனை வேண்டும்

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் முறையின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். உற்றுநோக்கல், கருதுகோள் எல்லாம் சரியாகப் போகிறது. நாம் மாற்றிப் பார்ப்பது சாரா மாறி, அதன் விளைவாக நாம் அளப்பது சார்ந்த மாறி என்பதும் புரிந்துவிட்டது.

கட்டுப்பாட்டுக் குழுவில்தான் தடுமாறுகிறார்கள். உரம் செடியை வளர்க்கிறதா என்று பார்க்கும்போது தண்ணீர், வெளிச்சம், மண் எல்லாச் செடிகளுக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இவை மாறிலிகள். உரமே போடாத செடிகள்தான் கட்டுப்பாட்டுக் குழு. இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரே உணவு கொடுத்து, மருந்தை மட்டும் மாற்றினார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்றவர்கள் விரைவில் தேறினார்கள். அருமையான உதாரணம்தான், ஆனால் சிகிச்சையே பெறாத தனிக்குழு அதில் இல்லையே!

ஒரே வகுப்பு நேரத்துக்குள் முடிகிற, மாறிலிக்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிற சோதனை ஏதாவது இருக்கிறதா? செடி வளரும்வரை காத்திருக்க முடியாது. அப்புறம், அதை எத்தனை முறை திரும்பச் செய்ய வைப்பீர்கள் என்றும் சொல்லுங்கள்.