மறு: புறப்பற்றா, புறத்துறிஞ்சலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நம் ஹைட்ரஜன் கையேடு நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. இழையில் வந்த எல்லா மடல்களையும் இன்னொரு முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்குத் தலைவலியாக இருப்பது சேமிப்பு அத்தியாயத்தின் இந்த ஒரு வரி: "ஹைட்ரஜன் மூலக்கூறு முதலில் உலோகப் பரப்பில் ஒட்டுகிறது, அங்கேயே இரண்டு அணுக்களாகப் பிளக்கிறது, பிறகு அணுக்கள் படிகக்கூட்டுக்குள் புகுந்து இடைவெளிகளில் அமர்கின்றன." பரப்பில் நடப்பதற்கு (adsorption) ஒரு சொல், உள்ளே நடப்பதற்கு (absorption) ஒரு சொல், சூடாக்கியதும் வெளிவருவதற்கு (desorption) ஒரு சொல் வேண்டும்.

> தமிழகப் பாடநூலில் 'பரப்பு கவர்தல்' இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது, ஐயா. ஆனால் ஒற்று மிகாமல் 'பரப்பு கவர்தல்' என்று எழுதினால் அது இரண்டாம் வேற்றுமைத் தொகை: பரப்பைக் கவர்தல். நாம் சொல்ல வருவதோ பரப்பின்கண் கவர்தல். அதற்கு 'பரப்புக்கவர்தல்' என்று ஒற்று மிக வேண்டும். ஒரு 'க்' விழுந்துபோனால் கவர்வது எது, கவரப்படுவது எது என்பதே மாறிவிடும் சொல்லை மாணவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆங்கிலத்திலும் இதே தொல்லைதான். 1881இல் ஜெர்மன் இயற்பியலாளர் கைசர் adsorption என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது absorption என்ற பழைய சொல்லில் ஓரெழுத்துதான் மாறியது. இன்றுவரை இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அகம், புறம் என்று தெளிவாகப் பிரிக்க நம்மிடம் வழி இருக்கும்போது அந்த ஓரெழுத்து வித்தையை நாமும் ஏன் செய்ய வேண்டும்?

> புறப்பற்று, அகப்பற்று, பற்றுவிடல். இதைவிட அழகான மூன்று சொற்கள் கிடைக்குமா?

அம்மா, உங்கள் மடலைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. துறவு அதிகாரத்துக்குப் பரிமேலழகர் எழுதிய முன்னுரையிலேயே செல்வத்தைப் புறமாகவும் யாக்கையை அகமாகவும் வைத்துத்தான் பற்று பேசப்படுகிறது. 350ஆம் குறளில் மட்டும் 'பற்று' ஆறு முறை வருகிறது. பற்றுவதும் விடுவதும் ஒரே வேரில் அமைந்துவிடுவதைப் பார்த்து உடனே சம்மதித்து, அச்சுப்படியிலும் மாற்றிவிட்டேன்.

நேற்று அந்தப் படியைத் தொழிற்பயிற்சி மாணவர் ஒருவரிடம் கொடுத்தேன். லாந்தனம்–நிக்கல் கலப்புலோகம் பற்றிய பக்கம். "இத்தூள் அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜனைப் பற்றும்" என்ற வரியில் விரலை வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். "தானாகத் தீப்பிடிக்குமா, சார்?" என்று கேட்டார். அவர்மேல் பிழையே இல்லை. ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் 'பற்றும்' என்று கண்டால் யாருக்கும் தீதான் நினைவுக்கு வரும். நுண்தூளாகிவிட்ட ஹைட்ரைடுகள் (ஹைட்ரஜனை ஏற்ற உலோகச் சேர்மங்கள்) சில காற்றுப் பட்டதுமே எரியக்கூடியவை என்பதால் அதே பக்கத்தில், நான்கு வரி தள்ளி, "தீப்பற்றும்" என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. ஒரே பக்கத்தில் ஒரே வினைச்சொல் சேமிப்பையும் விபத்தையும் குறிப்பதை நான் ஏற்க மாட்டேன். எவ்வளவு அழகான சொல்லானாலும் சரி.

ஆகவே இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் புறத்துறிஞ்சல், அகத்துறிஞ்சல் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

> உறிஞ்சுதல் என்றால் உள்ளே இழுப்பது. பரப்பில் ஒட்டுவதை உறிஞ்சல் என்பது பொருட்பிழை.

இந்த மறுப்பு நியாயமானது. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. நுண்துளைகள் நிறைந்த உலோக-கரிமக் கட்டமைப்புகளில் (2025 வேதியியல் நோபல் இவற்றுக்குத்தான்) ஹைட்ரஜன் மூலக்கூறு பிளவுபடாமல் துளைச்சுவர்களில் மெல்ல ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடி மிகவும் தளர்வானது. திரவ நைட்ரஜன் அளவுக்கு, −196 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் கணிசமாக நிற்கும். அதை 'உறிஞ்சல்' என்னும்போது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் இச்சொல்லால் வேறொரு நன்மை உண்டு. ஒட்டியதா, உட்புகுந்ததா என்று பிரித்தறிய முடியாத இடங்களுக்காக 1909இல் வேதியியலாளர் மக்பெயின் sorption என்று பொதுச்சொல் ஒன்றை உருவாக்கினார். நமக்கு முன்னொட்டை நீக்கினாலே போதும், 'உறிஞ்சல்' அந்தப் பொதுச்சொல்லாக நின்றுவிடும்.

நீரியமா, நீரகமா, ஐதரசனா என்ற கிளை விவாதத்துக்குள் நான் வரவில்லை. இந்தக் கையேட்டில் ஹைட்ரஜன்தான். எரிவாயு உருளையைக் கையாளப்போகிறவருக்கு உருளைமேல் எழுதியிருக்கும் பெயரே நூலிலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது சொல்தான் இன்னும் முடிவாகவில்லை. 'விடுகை' என்று போட்டிருக்கிறேன். 'உமிழ்வு' வேண்டும் என்று நால்வர் உறுதியாக இருக்கிறீர்கள். உறிஞ்சுவதற்கு எதிர் உமிழ்வதே என்ற உங்கள் வாதம் வலுவானதுதான். ஆனால் ஒளிக்கும் கதிருக்கும் புகைக்கும் அச்சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். "ஹைட்ரஜன் உமிழ்வு" என்று தலைப்பிட்டால் கசிவு என்றே படிப்பார்கள் என்று அஞ்சுகிறேன். உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையென்றால் ஒரு வரி மட்டும் எழுதி அனுப்புங்கள்: மக்னீசியம் ஹைட்ரைடில் எடைக்கு 7.6 விழுக்காடு ஹைட்ரஜன் இருக்கிறது, அதை வெளிக்கொணர ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வேண்டும். இதை 'உமிழ்வு' வைத்து எழுதி, கசிவு என்ற எண்ணம் வராமல் படிக்க முடிந்தால் நாளை மாலைக்குள் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
கையேட்டுப் பொறுப்பாளர்