பொருள்: ஆட்டானமிக்குத் ‘தன்னாட்சி’ பொருந்தவில்லை

வணக்கம்.

பணியிட மேலாண்மைச் சொற்பட்டியலில் ‘ஆட்டானமி’க்குத் தன்னாட்சி, ‘சப்போர்ட்டிவ் லீடர்ஷிப்’புக்குத் துணைத்தலைமை என்று இருக்கிறது. இரண்டையும் மாற்றக் கோருகிறேன்.

தன்னாட்சி கல்லூரிக்குப் பொருந்தும். வார்டில் நிற்கும் செவிலியர் எதையும் ஆள்வதில்லை. எந்தப் படுக்கைக்கு முதலில் போவது, எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்கிறார். 1976-இல் வேலை வடிவமைப்பு ஆய்வாளர்கள் ஹேக்மனும் ஓல்டமும் வேலையின் ஐந்து பண்புகளில் ஒன்றாக வைத்தது இதைத்தான். ‘செயலுரிமை’ எனலாம். ‘தன்னிச்சை’ வேண்டவே வேண்டாம். “தன்னிச்சையாக முடிவெடுத்தார்” என்றால் அது குற்றச்சாட்டு.

துணைத்தலைமை என்றதும் துணைத் தலைவர் பதவிதான் நினைவுக்கு வரும். ‘உறுதுணைத் தலைமை’ என்போம்.

இரண்டு சொற்களும் சேர்ந்தே நிற்க வேண்டும் என்பதற்கு டொயோட்டா கார் ஆலைகளின் அண்டோன் கயிறு நல்ல சான்று. (‘ஆண்டான்’ என்று எழுதிவிடாதீர்கள், பொருள் தலைகீழாகும்; ஜப்பானியத்தில் அது காகித விளக்கு.) கோளாறு கண்ட தொழிலாளி யாரையும் கேட்காமல் கயிற்றை இழுக்கிறார். விளக்கு எரிகிறது. வண்டிகள் நிலையம் நிலையமாக நகரும் உற்பத்தி லைன் உடனே நிற்காது. வண்டி அந்த நிலையத்தின் எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் குழுத்தலைவர் வந்து சரிசெய்துவிட்டால் ஓட்டம் தொடரும், இல்லையென்றால் நிற்கும். இழுப்பது செயலுரிமை. ஓடி வருவது உறுதுணை. வந்தவர் “யார் இழுத்தது?” என்று அதட்டினால் மறுநாள் கயிறு அப்படியே தொங்கும், பழுது அடுத்த நிலையத்துக்குப் போகும்.

---

மறுமொழி:

செயலுரிமை எனக்குச் சம்மதம், ஆனால் வேலை வடிவமைப்பில் மட்டும். டெசி, ரயன் இருவரின் உளவியல் கோட்பாட்டில் அதே ஆங்கிலச் சொல் வேறொன்றைக் குறிக்கிறது: செய்வதை மனம் ஒப்பிச் செய்தல். மேலாளர் சொன்ன வேலையாகவே இருக்கலாம். காரணம் விளங்கி ஏற்றுக்கொண்டால் அதுவும் ஆட்டானமிதான். உரிமை கையில் இருந்தும் மனம் ஒட்டாமல் செய்தால் அல்ல. இதற்குத் ‘தன்னிசைவு’ என்று தனிச்சொல் தேவை. ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் ஊழியர் கருத்தாய்வுக் கேள்விகள் குழம்பும்: “உங்களுக்குச் செயலுரிமை உண்டா?” என்பதற்கு விதிப்புத்தகத்தைப் பார்த்துப் பதில் எழுதுவார்கள், மனத்தைப் பார்த்து அல்ல.

---

மறுமொழி:

ஏற்கிறேன். பட்டியலில் இப்படித் திருத்துகிறேன்: ஆட்டானமி, 1. (வேலை) செயலுரிமை, 2. (உளவியல்) தன்னிசைவு. பெயரடையாக வரும்போது ‘செயலுரிமையுள்ள பணி’, ‘தன்னிசைவுக்கு இடந்தரும் மேலாளர்’. ‘செயலுரிமைமிகு’ என்று ஒட்டிப் பார்த்தேன், நாக்கு இடறுகிறது, விட்டுவிட்டேன்.