ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகுது, கழட்டிட்டு வெறும் எம்சிபி போதுமா?

கேட்டவர்: இருட்டுலஇருக்கேன்
வணக்கம் நண்பர்களே, கொஞ்ச நாளா கீசர் போட்டா தண்ணி சூடாகறதுக்குள்ள ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா லைனை கட் பண்ற சுவிட்ச்) விழுந்துடுது, மொத்த வீடும் ஆஃப். தூக்கி விட்டா சில சமயம் நிக்குது, சில சமயம் உடனே திரும்ப விழுது. எலக்ட்ரீசியன் பார்த்துட்டு ஆர்சிசிபி வீக் ஆயிடுச்சு, ஓவர்லோடு ஆனா விழற எம்சிபிதான் இருக்கே, இதை டைரக்ட் பண்ணி விட்டுடறேன்னு சொல்றார். பண்ணிடலாமா? வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க, அதான் யோசனையா இருக்கு.

பழையஒயர்மேன்
பண்ணவே பண்ணாதீங்க தம்பி. எம்சிபி காப்பாத்தறது ஒயரை, ஆளை இல்ல. கீசர் லைன்ல 16 ஆம்பியர் எம்சிபி இருந்தா அதைத் தாண்டி கரண்ட் இழுத்தாத்தான் விழும், ஆனா உடம்பு வழியா 50 மில்லி ஆம்பியர் போனாலே இதயத் துடிப்பு தாறுமாறா ஆகி உயிர் போகலாம், எம்சிபிக்கு அது கண்ணுக்கே தெரியாது. ஆர்சிசிபி பார்க்கறதே வேற கணக்கு. பேஸ்ல போன கரண்ட் அப்படியே நியூட்ரல்ல திரும்பி வருதான்னு பார்க்கும், குறைஞ்சா எங்கயோ லீக் ஆகுதுன்னு கட் பண்ணிடும். 30 மில்லி ஆம்பியர் டைப்னா அவ்ளோ லீக் வந்ததும் 0.3 செகண்டுக்குள்ள விழுந்தாகணும். உங்க வீட்ல அது வேலையைத்தான் பார்க்குது, காய்ச்சல் காட்டுதுன்னு தெர்மாமீட்டரை உடைக்கச் சொல்றார் உங்க ஆளு.

எனக்கு சந்தேகம் கீசர் காயில் மேலதான். மேல் உறையில மயிரிழை விரிசல் விட்டா உள்ள ஈரம் இறங்கி லீக் ஆகும், சூடாக ஆக விரிசல் இன்னும் திறக்கும்.

லோடுமாமா
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். 30 போட்டா சும்மா சும்மா விழும், 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாத்திடுங்க, தொல்லை விட்டுது.

பழையஒயர்மேன்
மாமா, 100 எல்லாம் லீக்கேஜால தீ பிடிக்காம இருக்கறதுக்கு போடறது, ஆளுக்கு ஷாக் அடிக்கறதுக்கு அது லேட்டு. சும்மா விழறதும் உண்டுதான், இல்லைங்கல, ஃப்ரிட்ஜ் கம்ப்யூட்டர் வாஷிங் மெஷின் எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் லீக் இருக்கும், கூட்டிப் பார்த்தா 15 மில்லி ஆம்பியர் தாண்டினாலே சில 30 டைப் ஆர்சிசிபி விழுந்துடும். அதுக்கு சர்க்யூட்டைப் பிரிச்சு ரெண்டு ஆர்சிசிபி போடணும், ரேட்டிங்கை ஏத்தக் கூடாது.

இருட்டுலஇருக்கேன்
அண்ணா ஒரு டவுட்டு, கீசர் சுவிட்சை ஆஃப் பண்ணி வச்சிருந்தப்பவும் ஒரு தடவை விழுந்துச்சே? அப்ப கீசர் இல்லைன்னுதானே அர்த்தம்?

பழையஒயர்மேன்
அப்படி இல்ல. சாதா சுவிட்ச் பேஸை மட்டும்தான் கட் பண்ணும், நியூட்ரல் அப்படியே காயிலோட ஒட்டிட்டு இருக்கும். நியூட்ரல் பக்கம் காயில் எர்த்தைத் தொட்டா, வேற ஏதாவது லோடு ஓடும்போது அந்த கரண்ட்ல ஒரு பங்கு எர்த் வழியா ஓடும், ஆர்சிசிபி விழும். அதனால சுவிட்சை நம்பாம பிளக்கையே உருவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க.

இருட்டுலஇருக்கேன்
பிளக்கை உருவிட்டேன் அண்ணா, நேத்துல இருந்து ஒரு தடவை கூட விழல. வேற எலக்ட்ரீசியன் வந்து மெகர் (இன்சுலேஷன்ல லீக் இருக்கான்னு பார்க்கற மீட்டர்) வச்சுப் பார்த்தார், காயில் போயிடுச்சாம், மாத்தச் சொல்லிட்டார்.

பழையஒயர்மேன்
சரி. மாத்தினதும் ஆர்சிசிபில இருக்கற டெஸ்ட் பட்டனை ஒருக்கா அமுக்கிப் பாருங்க, விழலைனாதான் ஆர்சிசிபி போச்சு. ஆனா எர்த் இல்லாத வீட்லயும் அந்த பட்டன் வேலை செய்யும், அதனால எர்த்தை அவரையே தனியா செக் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் ஒருத்தர் ஒரு கையில பேஸ் ஒரு கையில நியூட்ரல் பிடிச்சா ஆர்சிசிபிக்கும் தெரியாது, அது சும்மா லோடுன்னு நினைச்சுக்கும். பசங்க இருக்கற வீடு, கைக்கு எட்டற சாக்கெட்ல ஓட்டையை மூடற ஷட்டர் இருக்கான்னும் பாத்துக்குங்க.