சாலை போடாத காடுகளுக்கு இனி பாதுகாப்பு இல்லையா?

கார்த்தி:
வணக்கம். சியாட்டில் பக்கம் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. தேசியக் காடுகளில் சாலை இல்லாத பகுதிகளில் புதிதாகச் சாலை போடக் கூடாது என்ற 2001ஆம் ஆண்டு விதியை நீக்கப் போகிறார்களாம். "சாலை இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி எப்படிப் போகும்?" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம், வில்டர்னஸ் (மனிதக் கைபடாமல் விட வேண்டிய காடு) என்று அறிவித்த இடங்களும் இதில் வருமா?

ஓடைக்கரை:
வராது கார்த்தி. வில்டர்னஸ் என்பது 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அறிவிப்பது. எடுப்பதென்றாலும் காங்கிரஸ்தான் எடுக்க வேண்டும். நீங்கள் சொல்லும் சாலைத் தடை வேளாண் துறை போட்ட விதி. போட்ட துறையே எடுக்கலாம், அதுதான் பயம். அலாஸ்காவின் டோங்காஸ் காட்டுக்கு 2020இல் விலக்கு கொடுத்து மரம் வெட்ட வழிவிட்டார்கள், 2023இல் பாதுகாப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள், 2025 ஜூனில் விதியையே நீக்கப் போவதாகத் துறைச் செயலர் புரூக் ரோலின்ஸ் அறிவித்தார். பல நூறு வருடம் நின்ற மரங்கள் அவை.

தீ பற்றி: தீ நெருங்கி ஆபத்து என்றால் சாலை போட அந்த விதியே இடம் கொடுக்கிறது. தீ பரவாமலிருக்கச் சிறு மரங்களை வெட்டவும் தடையில்லை. இந்த நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர்களால்தான் பற்றுகிறது. மனிதர்கள் சாலை வழியாகத்தானே வருகிறார்கள்!

நான் பன்னிரண்டு வருடமாக ஒரே பள்ளத்தாக்கில் நடக்கிறேன். அங்கே மரம் ஏற்ற அந்தக் காலத்தில் போட்ட மண்சாலை ஒன்று, இப்போது யாரும் பராமரிப்பதில்லை. சாலைக்கு அடியில் ஓடைக்கு ஓர் இரும்புக் குழாய். அதன் வாய்க்குக் கீழே தண்ணீர் அரித்து அரித்து, குழாய் இப்போது என் இடுப்பு உயரத்தில் தொங்குகிறது. விரல் நீளச் சால்மன் குஞ்சு அதில் எப்படி ஏறும்? போன நவம்பர் மழையில் சாலை ஓரம் சரிந்து ஓடை மூன்று நாள் பால் விட்ட டீ மாதிரி ஓடியது. முட்டை கிடக்கும் கூழாங்கற்கள் மேல் அந்தச் சேறு படிந்தால், உள்ளே காற்றில்லாமல் முட்டை சாகும். தேசியக் காடுகளில் ஏற்கெனவே சுமார் 3.7 லட்சம் மைல் சாலை இருக்கிறது. இருப்பதையே பார்க்கப் பணம் இல்லை.

மலர்:
மர ஆலையை நம்பிய ஊர்களும் இருக்கின்றனவே. அவர்கள் என்ன செய்வார்கள்?

ஓடைக்கரை:
நியாயமான கேள்வி மலர். அந்த ஊர்களில் சிலவற்றில் தங்கியிருக்கிறேன், ஆலை மூடிய வலி பெரியது. ஆனால் பழைய குழாய்களை மாற்றவும், கைவிட்ட சாலைகளை மூடவும் அதே புல்டோசர், அதே ஆட்கள் வேண்டும். அந்த வேலையைக் கொடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

கார்த்தி:
நான் எச்1பி விசாவில் இருப்பவன். என்னால் ஏதாவது செய்ய முடியுமா?

ஓடைக்கரை:
முடியும். அரசு ஒரு விதிக்குக் கருத்துக் கேட்கும்போது யாரும் எழுதலாம், குடியுரிமை தேவையில்லை. இந்த விதியைச் சட்டமாக்கும் மசோதாவை நம் மாநிலச் செனட்டர் கான்ட்வெல் கொண்டுவந்திருக்கிறார், அவர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். நீங்கள் நடந்த ஓர் இடத்தைப் பெயர் சொல்லி, கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். சனிக்கிழமை வந்தால் அந்தக் குழாயைக் காட்டுகிறேன், பூட்ஸ் போட்டு வாருங்கள்.