அப்டேட்: பம்ப்கின் பை அடிமாவு ஊறிடுமான்னு கேட்டிருந்தேன்ல

தேங்க்ஸ்கிவிங்குக்கு (அமெரிக்காவுல நவம்பர்ல வர்ற பண்டிகை) டின்ல விக்கிற பூசணி விழுது இல்லாம, முழு பூசணி வாங்கி பம்ப்கின் பை (மாவுத் தட்டுல பூசணிக் கலவை ஊத்தி அவன்ல சுடுற இனிப்பு) பண்ணா, கீழ இருக்குற அடிமாவு சொதசொதன்னு ஆயிடுமோன்னு கேட்டிருந்தேன், பதில் போட்ட எல்லாருக்கும் தேங்க்ஸ். ஹாலோவீனுக்கு முகம் மாதிரி செதுக்குற பெரிய பூசணி தண்ணியும் நாருமா இருக்கும்னு சொன்னீங்க, அதனால சின்ன ஷுகர் பம்ப்கின் (சமையலுக்கான இனிப்புப் பூசணி) வாங்கி, ரெண்டா வெட்டி அவன்ல சுட்டு மசிச்சு, துணி விரிச்ச வடிகட்டில கொட்டி ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சேன், காலையில பாத்தா கீழ அவ்ளோ மஞ்சத்தண்ணி (அது சாம்பார்ல போயிடுச்சு). அடிமாவை முதல்ல தனியா பேக் பண்றப்ப அது உப்பாம இருக்க மேல வைக்கிற பாரத்துக்கு பீங்கான் குண்டெல்லாம் காசு குடுத்து வாங்காதீங்க, பேக்கிங் பேப்பர் மேல பச்சரிசி கொட்டுனா போதும். அப்புறம் பூசணிக் கலவையை ஊத்தி 425 டிகிரி ஃபாரன்ஹீட்ல 15 நிமிஷம், அப்புறம் 350, நடுவுல லேசா ஆடும்போதே எடுத்துடணும், ஆற ஆற இறுகிடும். அடிமாவு மொறுமொறுன்னே நின்னுச்சு. ஜாதிக்காய் மட்டும் கம்மியா போடுங்க, தூக்கலாயிடுது.