மறுமொழி: தரிசுக்கடலா, எஞ்சூட்டக் கடலா?

அன்பின் குழுவினருக்கு,

ஊட்டம் நிறைய இருந்தும் பாசி அதை முழுவதும் பயன்படுத்தாத கடற்பகுதிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் வந்த கருத்துக்கு என் மறுமொழி இது.

> "தரிசுக்கடல்" என்றே வைத்துவிடலாமே. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

எளிமை எனக்கும் வேண்டும், ஐயா. ஆனால் தரிசு என்றதும் சத்தில்லாத மண்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் நிலைமை நேர்மாறு. ஆழத்திலிருந்து மேலெழும் நீர், பாசிகளுக்கு ஊட்டமான நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் நிறையவே கொண்டுவருகிறது. மிதவைப் பாசிகள் அதை முழுவதும் தின்று தீர்ப்பதில்லை, மிச்சம் கிடக்கிறது. அந்த மிச்சத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

"இரும்புக்குறைக் கடல்" என்ற பரிந்துரைக்கு வலுவான காரணம் உண்டு. பாசி வளர இரும்பும் வேண்டும், தென்கடலில் அது குறைவு. பனியுகங்களில் காற்று அள்ளிவந்த தூசியின் இரும்பு தென்கடல் பாசிகளை வளர்த்து, கரியமில வாயுவைக் குறைத்திருக்கலாம் என்று கடலாய்வாளர் ஜான் மார்ட்டின் 1990இல் எழுதினார். அண்டார்க்டிகாவின் வோஸ்டாக்கில் பனிப்பாளத்தைத் துளைத்தெடுத்த மாதிரிகளிலும் குளிர்காலகட்டங்களில் தூசி கூடுதல்தான். ஆனாலும் இரும்பு ஒன்றே காரணமில்லை. 2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து, போலார்ஸ்டெர்ன் என்ற ஆய்வுக்கப்பலிலிருந்து தென்கடலின் அட்லாண்டிக் பகுதியில் இரும்பைக் கரைத்துப் பார்த்தன. அங்கே சிலிக்கா குறைவு, அதனால் சிலிக்காவால் ஓடு கட்டும் டயட்டம் என்னும் பாசிகள் பெருகவில்லை. காரணத்தைப் பெயருக்குள் வைத்துப் பூட்டினால் இப்படி இடத்துக்கு இடம் இடிக்கும்.

அதனால் என் பரிந்துரை: எஞ்சூட்டம், எஞ்சூட்டக் கடல். எஞ்சு + ஊட்டம். ஊறுகாய் போல வினைத்தொகை. எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் ஊட்டம் என முக்காலத்துக்கும் பொருந்தும். பழங்காலக் கடலைப் பற்றி எழுதுவோருக்கு இது பெரிய வசதி.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய உச்சக் குளிரை எடுத்துக்கொள்ளுங்கள். தென்கடலின் வடபகுதியில் தென் அமெரிக்காவின் படகோனியாவிலிருந்து வந்த, இரும்புள்ள தூசி விழுந்து பாசி விளைச்சல் கூடியது. அண்டார்க்டிகாவை ஒட்டிய தென்பகுதியிலோ ஆழநீர் மேலே வருவது தளர்ந்து விளைச்சல் குறைந்தது. விளைச்சலை மட்டும் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரண். ஆனால் அடிவண்டலில் கிடைக்கும் நுண்ணுயிர் ஓடுகளின் நைட்ரஜன் ஐசோடோப்புகள் (எடை வேறுபட்ட நைட்ரஜன் அணுக்கள்), இரு பகுதிகளிலும் மேல்நீர் நைட்ரேட் இன்றைவிட முழுமையாகச் செலவானதைக் காட்டுகின்றன. அதாவது, எஞ்சூட்டம் இரண்டிலும் சுருங்கியது! ஆழநீர் ஊட்டத்தோடு கரிமத்தையும் சேர்த்தே மேலே கொண்டுவரும். ஊட்டம் எஞ்சினால் அந்தக் கரிமத்தில் ஒரு பங்கு காற்றுக்குத் தப்பிவிடும். எஞ்சாவிட்டால் பாசியோடு ஆழத்துக்கே திரும்பும். காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 190 அளவுக்கு இறங்கியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இவ்வளவையும் "தரிசு குறைந்தது" என்று எழுதிப் பாருங்கள், பொருளே மாறிவிடுகிறது.

"எஞ்சூட்ட" என்பதில் சூடு ஒலிக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கட்டுரையில் முதல் முறை வரும்போது "எஞ்சு ஊட்டம்" என்று பிரித்து எழுதிவிட்டு, அப்புறம் சேர்த்து எழுதலாம். சரியென்று பட்டால் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். தரிசுக்கடலை, மேல்நீரில் ஊட்டம் மிகக் குறைந்த நடுக்கடல் நீரோட்டச் சுழல்களுக்கு ஒதுக்கி வைக்கலாம். அங்கே அது கச்சிதமாகப் பொருந்தும்.

அன்புடன்.